அடிக்கடி இறங்கும் பேட்டரி: ஆஃப்ரோடு வண்டிக்கு எந்த வைத்தியம்?

"பேட்டரி மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடியும் செல்ஃப் எடுக்கவில்லை." கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுபவர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம். கூடவே வரும் கேள்வியும் பழகியதுதான்: அடுத்து ஏஜிஎம் (அமிலம் தளும்பாத வகை) வாங்குவதா, இரண்டாவது பேட்டரி பொருத்துவதா, ஒரேயடியாக லித்தியத்துக்கு மாறிவிடுவதா?

கேட்கும்போதே குற்றவாளி பேட்டரிதான் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஒரு பேட்டரி அற்பாயுளில் போனால் அது அந்தப் பேட்டரியின் கோளாறாக இருக்கலாம். அடுத்ததும் அதே போலப் போனால் சந்தேகம் வண்டியின் பக்கம் திரும்ப வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது நோய் என்ன என்பதை. ஆஃப்ரோடு வண்டியில் பேட்டரி மூன்று வழிகளில் சாகிறது.

ஒன்று, நிரம்பாமை. முதல் கியரில் ஊர்ந்து போகும் வண்டியில் இன்ஜின் வேகம் குறைவு. ஐட்லிங்கில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் பாதியைக்கூடத் தருவது அரிது. அதன் மேல், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சை இயக்கினால் கணக்கு இன்னும் மோசம். சுமார் 4,300 கிலோ இழுக்கும் மின் வின்ச் முழுப் பளுவில் 400 ஆம்பியரைத் தொடும். ஆல்டர்னேட்டர் தருவதோ பெரும்பாலும் 100 முதல் 150 ஆம்பியர். மீதி அத்தனையும் பேட்டரியிலிருந்து போகிறது. இரண்டு நிமிடம் இழுத்தால் வின்ச் குடிப்பது மொத்தம் 13 ஆம்பியர்-மணி.

இரண்டு, உறிஞ்சல். வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று ஓசைப்படாமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருப்பது. பிறகு சேர்த்த விளக்குகள், டிராக்கர், கேமரா, வயர்லெஸ் கருவி என்று சாமான்கள் கூடக்கூட இது கூடும்.

மூன்று, அடியும் வெப்பமும். குலுக்கலில் தகடுகளில் ஒட்டியிருக்கும் ஈயப் பசை உதிர்ந்து அடியில் சேருகிறது. சேர்ந்து உயர்ந்தால் தகடுகளுக்கிடையே ஷார்ட் ஆகும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது இத்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட தோராயக் கணக்கு.

நோய்க்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை மூன்று. வாங்கப்போகும் பேட்டரியின் சார்ஜிங் வோல்டேஜும் வண்டி தருவதும் ஒத்துப்போகின்றனவா? ஆளில்லாத இடத்தில் அது கைவிட்டால் இருப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா? பில்லில் தெரியாத செலவு என்ன? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். பேட்டரியின் விலையைவிட அதைச் சுற்றிப் போகும் வயர், ஃபியூஸ், தாங்கு தட்டு, கூலி ஆகியவற்றின் விலை அதிகமாகிவிடும் தீர்வுகளும் உண்டு.

## முதல் வழி: பழுதைக் கண்டுபிடித்து, இப்போதைய வகையிலேயே தொடர்வது

எல்லா வழிகளிலும் கவர்ச்சி குறைந்தது இதுதான். காட்டிப் பெருமைப்பட ஒன்றும் இருக்காது. ஆனால் மற்ற எந்த வழிக்குப் போவதானாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும்.

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். அது முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 12.4-க்குக் கீழே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பின்பு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாமல் நின்றுவிடும். 'சார்ஜ் நிற்கவில்லை' என்று தூக்கி எறியப்படும் பேட்டரிகளில் பல இப்படிக் கொல்லப்பட்டவையே.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. புதிய வண்டிகளில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது: எரிபொருள் மிச்சத்துக்காக கம்ப்யூட்டரே வோல்டேஜைச் சில நேரம் 12.5 வரை இறக்கும், பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனமானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரியாமலே செல்ஃப் சோம்பிச் சுற்றினால்? அப்போது எர்த் வயரைப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத் தூணிலேயே) மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியின் பலம் வழியிலேயே வீணாகிறது. சேற்றிலும் நீரிலும் புகுந்து வந்த வண்டியில் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள பின்னல் பட்டை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்திருக்கும். மாற்ற ஆகும் செலவு, புது பேட்டரியின் விலையோடு வைத்துப் பார்த்தால் கணக்கிலேயே வராது.

உறிஞ்சலைப் பிடிப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். இணைப்பில் மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவைத் திறந்து வைத்திருப்பீர்கள். அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உறங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஏதோ விழித்திருக்கிறது.

200 மில்லி ஆம்பியர் என்பது கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளைக்கு அது 4.8 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியை ஆறே நாளில் பாதியாக்கிவிடும்.

எந்தச் சர்க்கியூட் என்று அறிய ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. இன்றைய வண்டிகளில் ஒரு ஃபியூஸைத் திரும்பச் செருகினாலே உறங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், பிறகு இன்னொரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்தால் போதும். பூஜ்யம் என்றால் மின்சாரம் ஓடவில்லை. எண் காட்டும் ஃபியூஸ்தான் தேடும் இடம்.

எந்த ஃபியூஸும் சிக்காவிட்டால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். சேறு புகுந்து, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று போனால் மின்சாரம் அதன் வழியே பின்னோக்கிக் கசியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரையும் எடுத்துக் காப்பிட்டு வைத்தபின், மறுபடி பேட்டரியை இணைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: நேரம், அல்லது உறிஞ்சல் தேடத் தெரிந்த எலக்ட்ரீஷியனின் கூலி. பழுதை நீக்கிய பின்னும் ஏற்கனவே அடிபட்ட பேட்டரி பிழைக்காமல் போகலாம்.

எப்போது இதுவே சிறந்தது: வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்கினால். ஒன்றுக்கு மேற்பட்ட பேட்டரிகள் ஒரே மாதிரி போயிருந்தால் கேள்வியே இல்லை. இதைச் செய்யாமல் வேறு எதை வாங்கினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான்.

## இரண்டாம் வழி: ஏஜிஎம் அல்லது இஎஃப்பி

ஏஜிஎம் பேட்டரியில் அமிலம் தளும்புவதில்லை. கண்ணாடி இழை விரிப்பு அதை உறிஞ்சி வைத்திருக்கிறது. தகடுகளும் விரிப்பும் இறுக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் குலுக்கலில் பசை உதிர்வது வெகுவாகக் குறைகிறது. வண்டி ஒருக்களித்துச் சாய்ந்தாலும் அமிலம் வழியாது. சார்ஜை வேகமாக வாங்கிக்கொள்ளும் என்பதால் வின்ச் இழுத்த பிறகு சீக்கிரம் தேறும். மூன்றாவது நோயில் குலுக்கலுக்கு நேரடி மருந்து இது.

ஆனால் இதற்கு இரண்டு ஒவ்வாமைகள் உண்டு. ஒன்று, அதிக சார்ஜ். வோல்டேஜ் 15-ஐத் தாண்டி நின்றால் உள்ளிருக்கும் ஈரம் வாயுவாகி வெளியேறும். சாதாரணப் பேட்டரியைப் போல மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வழியில்லை. மற்றொன்று, குறை சார்ஜ். இது முழுதாக நிரம்ப 14.4 முதல் 14.7 வரை வேண்டும். 13.9-லேயே நின்றுவிடும் ரெகுலேட்டர் கொண்ட பழைய வண்டியில் ஏஜிஎம் என்றுமே வயிறு நிறையாமல் கிடந்து சல்பேட் பூத்துவிடும். 'விலை உயர்ந்த பேட்டரிகூட இரண்டு வருடம் தாங்கவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் அந்த வண்டியின் சார்ஜிங் வோல்டேஜைக் கேளுங்கள்.

வெப்பமும் இதற்கு ஆகாது. கடும் வெயில் நிலத்தில், டர்போவுக்குப் பக்கத்திலேயே பேட்டரி அமைந்த வண்டியில், நீர் ஊற்றக்கூடிய நல்ல சாதாரணப் பேட்டரி ஏஜிஎம்மை முந்துவது உண்டு. நடுவில் நிற்பது இஎஃப்பி: திரவ அமிலம்தான், ஆனால் தகடுகள் மேல் பாலியஸ்டர் மெல்விரிப்பு இருப்பதால் சாதாரணத்தைவிட உழைப்பு தாங்கும், ஏஜிஎம்மைவிட விலை குறைவு. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியோடு வந்த வண்டிகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும்; அவற்றில் சாதாரணப் பேட்டரிக்கு இறங்குவது கூடாது.

வாங்கும்போது கடைக்காரர் சிசிஏ எண்ணைத்தான் முன்னால் வைப்பார். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதே அந்த எண். பனி நாட்டில் அது உயிர்நாடி. வெப்ப நாட்டில் அதைவிட ரிசர்வ் கெப்பாசிட்டி முக்கியம்: 25 ஆம்பியர் எடுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற கணக்கு.

மறைந்திருக்கும் செலவு: பெரிய அளவு வாங்கினால் தட்டும் பட்டையும் மாற்ற வேண்டும். பட்டை தளர்ந்திருந்தால் எந்த வகைப் பேட்டரியும் குலுங்கிச் சாகும். பேட்டரியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

எப்போது சிறந்தது: பாறைப் பாதைகளில் அடிக்கடி ஓட்டி, வின்ச்சும் பயன்படுத்தி, வண்டியின் சார்ஜிங்கும் சரியாக இருந்தால்.

## மூன்றாம் வழி: இரண்டாவது பேட்டரி

இரவில் ஃபிரிட்ஜ் ஓடினாலும் காலையில் செல்ஃப் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கானது. 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு வெப்பத்தைப் பொறுத்து 25 முதல் 40 ஆம்பியர்-மணி குடிக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரி இப்படி மெதுவாக ஆழத்துக்கு இறக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாதிக்குக் கீழே சில பத்து முறை போனாலே அதன் கதை முடிந்துவிடும்.

இணைக்க இரண்டு முறைகள். வோல்டேஜ் ரிலே என்பது மலிவானது, எளியது: முதல் பேட்டரி சுமார் 13.3-ஐத் தொட்டதும் இரண்டையும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். வோல்டேஜை ஏற்றி இறக்கும் புதிய ஆல்டர்னேட்டரோடு இதைச் சேர்த்தால் அது தட்டுத்தட்டென்று சேர்ந்தும் பிரிந்தும் கொண்டிருக்கும், இரண்டாவது பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். அத்தகைய வண்டிக்கு டிசி-டிசி சார்ஜர்தான். உள்ளே எது வந்தாலும் இரண்டாவது பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜைத் தயாரித்துக் கொடுக்கும். நீண்ட கேபிளில் இழந்ததையும் ஈடுகட்டும். வேகம்தான் அதன் குறை. 25 ஆம்பியர் சார்ஜர் என்றால் 50 ஆம்பியர்-மணியைத் திருப்பி நிரப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். தினமும் இருபது நிமிடம் மட்டும் ஓடும் வண்டியில் இதைப் பொருத்துவது வீண்.

மறைந்திருக்கும் செலவு: இந்த வழியில்தான் மிக அதிகம். தடித்த கேபிள், அதன் இரு முனைகளிலும் ஃபியூஸ் (ஒரு முனையில் மட்டும் வைத்துவிட்டு மறப்பது தீ விபத்துக்கு அழைப்பு), தாங்கு தட்டு, 20 முதல் 30 கிலோ கூடுதல் எடை. பயணிகள் இருக்கும் இடத்தில் வைப்பதானால் திரவ அமில வகை கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும்.

இதையெல்லாம் செய்த பிறகும் செல்ஃப் எடுக்காமல் நிற்கும் வண்டிகள் உண்டு. ஃபிரிட்ஜை இரண்டாவதுக்கு மாற்றியிருப்பார்கள். டிராக்கரும் கேமராவும் பழையபடி முதலாவதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

எப்போது சிறந்தது: ஒரே இடத்தில் இரவு தங்கி மின்சாரம் பயன்படுத்துபவர்களுக்கு. தங்காமல் அன்றே திரும்புபவர்களுக்கு இது வெறும் சுமை.

## நான்காம் வழி: லித்தியம் அயர்ன் பாஸ்பேட்

100 ஆம்பியர்-மணிக்கு எடை 11 முதல் 13 கிலோ. அதே கொள்ளளவு ஈயத்தில் 25 முதல் 30. ஈயத்தில் பாதியை மட்டும் எடுக்கலாம், இதில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தாலும் ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கும். இரண்டாவது பேட்டரியாக, வண்டிக்குள் வெப்பம் குறைந்த இடத்தில், டிசி-டிசி சார்ஜரோடு வைத்தால் இதற்கு இணை இல்லை.

ஸ்டார்ட்டர் பேட்டரியாக பானெட்டுக்குள் வைப்பது வேறு கதை, நான் பரிந்துரைக்க மாட்டேன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். 60 டிகிரிக்கு மேல் பாதுகாப்புச் சர்க்கியூட் இணைப்பைத் துண்டிக்கும். பானெட்டுக்குள் அந்த வெப்பம் சாதாரணம். இன்ஜின் ஓடும்போது இணைப்பு திடீரென்று துண்டிக்கப்பட்டால் ஆல்டர்னேட்டரில் எழும் வோல்டேஜ் பாய்ச்சல் டயோடுகளையும் கம்ப்யூட்டரையும் பதம் பார்க்கக்கூடும். தவிர, இது கிடைத்த ஆம்பியரை எல்லாம் விழுங்கும். ரிலே வழியாக நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் காற்றோட்டமின்றிக் கொதித்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: டிசி-டிசி சார்ஜர் தவிர்க்க முடியாத கூட்டாளி. வீட்டிலுள்ள பழைய சார்ஜரும் பொருந்தாமல் போகலாம்.

எப்போது சிறந்தது: தொடர்ந்து பல இரவுகள் வெளியில் தங்கி, எடையையும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டிய வண்டிக்கு.

## ஐந்தாம் வழி: சின்னச் சின்னக் காப்புகள்

இவை தீர்வு என்பதைவிடத் துணை. கட்-ஆஃப் சுவிட்ச் உறிஞ்சலை ஒரே திருகில் நிறுத்தும். பதிலுக்கு கடிகாரம், ரேடியோ நினைவு, அலாரம் எல்லாம் போகும். இன்ஜின் ஓடும்போது அதைத் தொடவே கூடாது. 10 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர்-மணி தரும். 100 மில்லி ஆம்பியர் உறிஞ்சலை அது ஈடுகட்டிவிடும், வண்டி கூரைக்கு அடியில் நிற்காத வரை. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டியது. அதையும் அவ்வப்போது சார்ஜ் செய்ய வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த நோய்க்கு | நடுவழியில் கைவிட்டால் | பொருந்தாத இடம் |
|---|---|---|---|
| பழுது நீக்கம் | உறிஞ்சல், எர்த், ஆல்டர்னேட்டர் | எங்கும் கிடைக்கும் பேட்டரி போதும் | பேட்டரி குலுங்கியே செத்திருந்தால் |
| ஏஜிஎம் / இஎஃப்பி | குலுக்கல், சாய்வு, வின்ச் | சாதாரணத்தைத் தற்காலிகமாக வைக்கலாம் | குறைந்த வோல்டேஜ், கடும் பானெட் வெப்பம் |
| இரண்டாவது பேட்டரி | நிறுத்தியபின் மின் பயன்பாடு | ஒன்றிலிருந்து மற்றதை ஜம்ப் செய்யலாம் | குறுகிய தூர ஓட்டம் |
| லித்தியம் | பல நாள் தங்கல், எடை | மாற்றுக் கிடைப்பது கடினம் | பானெட்டுக்குள், கடுங்குளிரில் |
| சிறு காப்புகள் | நீண்ட நாள் நிறுத்தம் | ஜம்ப் ஸ்டார்ட்டர் கைகொடுக்கும் | தனித் தீர்வாக |

## எந்த வண்டிக்கு எது

மாதத்தில் பாதி நாள் நின்று, விடுமுறையில் மட்டும் காடு மேடு ஏறும் வண்டிக்கு முதல் வழியும் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போதும். மேற்கொண்டு செலவழிக்க ஒரு காரணமும் இல்லை.

வின்ச்சோடு அடிக்கடி சேற்றில் இறங்கும் வண்டிக்கு ஏஜிஎம். வின்ச்சை ஸ்டார்ட்டர் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, இழுக்கும்போது இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் பிடித்து, நடுநடுவே நிறுத்தி இளைப்பாற விடுவது இரண்டாவது பேட்டரியைவிட மலிவான வைத்தியம்.

கூடாரமும் ஃபிரிட்ஜுமாகப் போகிறவர்கள் முதலில் ஏஜிஎம் இரண்டாவது பேட்டரியும் டிசி-டிசி சார்ஜரும் பொருத்திக்கொள்ளலாம். லித்தியத்துக்கும் ஏற்ற அமைப்பு உள்ள சார்ஜராகப் பார்த்து வாங்கினால், பின்னால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் புதிய வண்டிகளில் நெகட்டிவ் கிளாம்பைக் கவனியுங்கள். அதில் விரல் தடிமனில் ஒரு கறுப்பு சென்சார் இருந்தால், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அதுதான் எண்ணுகிறது. கூடுதல் சாமான்களின் எர்த் வயரை நேராக பேட்டரித் தூணில் மாட்டினால் அந்த மின்சாரம் சென்சாரின் கண்ணில் படாமல் போகும். பேட்டரி காலியாகும்போதும் நிறைந்திருப்பதாக எண்ணி வண்டி சார்ஜைக் குறைத்துக்கொண்டிருக்கும். அந்த வயர்களை சென்சாருக்கு அப்பால், பாடியிலோ சேஸிஸிலோ தயாரிப்பாளர் குறித்திருக்கும் எர்த் புள்ளியில் பொருத்த வேண்டும். பேட்டரி மாற்றியதை ஸ்கேன் கருவி மூலம் வண்டியில் பதிய வேண்டிய மாடல்களில், அதற்கான கூலியும் சேர்த்தே கடையில் விலை பேசிக்கொள்ளுங்கள்.